ஏழு கேள்வியில் ஓர் எண்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பல வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். பிள்ளை கோடிங் கற்றுக்கொள்ள வேண்டும். சி-யில் ஆரம்பிப்பதா, ஜாவாவிலா, பைத்தானிலா? ஐ.டி. கம்பெனியில் இருக்கும் சித்தப்பா ஒன்று சொல்வார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸ் வேறொன்று சொல்லும். விவாதம் முடிவதற்குள் லீவு முடிந்துவிடும்.

அதை இங்கேயே முடித்துவிடலாம்: பைத்தான். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கி, 1991-இல் வெளியிட்ட மொழி. (பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் மேல் அவருக்கு இருந்த பிரியம்தான் பெயர் வந்த கதை.) காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடப்புத்தகத்திலும் இதுதான். தமிழ்வழிப் பதிப்பும் இருக்கிறது. இங்கிலீஷ் அவ்வளவாக வராதே என்று தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்: பைத்தான் தன் இலக்கணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தமே 35. 'பிரிண்ட்', 'இன்புட்' மாதிரி அன்றாடம் புழங்கும் கட்டளைகளைச் சேர்த்தாலும் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, புரோகிராமுக்குள் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டளைகளும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்றால் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதில் ஆரம்பித்து வைப்பது நல்ல யோசனை.

கல்லூரியில் சி-தான் சொல்லித் தருகிறார்கள் என்றால் சி-யிலேயே ஆரம்பியுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. முதலில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு விளையாட்டு போதும். கணினி 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளும். நாம் ஊகித்துச் சொல்ல வேண்டும். 'இன்னும் பெரிசு', 'இன்னும் சிறிசு' என்று அது துப்புக் கொடுத்துக்கொண்டே வரும். இருபது வரிகூடத் தேறாத விளையாட்டு. ஆனால் இதை ஒழுங்காக எழுதி, உடைத்து, மறுபடி எழுதினால் இந்தத் துறையின் பெரிய மூளைகள் தடுக்கி விழுந்த இடம் வரை போய்ப் பார்த்துவிடலாம்.

முதல் நாள், பாதி விளையாட்டு. எண்ணை 37 என்று நாமே புரோகிராமுக்குள் எழுதிவிடுகிறோம். 'என்ன எண்?' என்று கேட்கச் சொல்கிறோம். வந்த பதில் 37-க்குச் சமமாக இருந்தால் 'சரி', இல்லாவிட்டால் 'தப்பு'. நாலைந்து வரி. ஓட்டிப் பார்த்து, கேட்கிறபோது 37 என்று அடிக்கிறோம். 'தப்பு' என்கிறது. மறுபடி 37. மறுபடியும் 'தப்பு'.

பல பேர் இந்த இடத்தில்தான் 'இது நமக்கு வராது' என்று எழுந்து போகிறார்கள். போகாமல் உட்கார்ந்து பார்த்தால் உள்ளே நடப்பது வேடிக்கையானது. விசைப்பலகையிலிருந்து வருவது எதுவானாலும் பைத்தானுக்கு அது எழுத்துதான்: ஒரு '3', அதை ஒட்டி ஒரு '7'. '3' என்ற எழுத்துக்குக் கணினி வைத்திருக்கும் குறியெண் 51, '7'-க்கு 55. நாம் புரோகிராமுக்குள் எழுதி வைத்ததோ முப்பத்தேழு என்ற அளவு. இந்த அளவுக்கும் அந்த இரண்டு குறிகளுக்கும் பைத்தானின் கணக்கில் எந்த உறவும் கிடையாது. சமமா என்று கேட்டோம், சமமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டது. இதே காரணத்தால்தான் எழுத்தாக வந்த '5'-ஐயும் '5'-ஐயும் கூட்டச் சொன்னால் 55 என்கிறது. போட்டோக்களுக்கு 1, 2, 10 என்று பெயர் வைத்தால் சில இடங்களில் 1, 10, 2 என்று வரிசை மாறி நிற்பதும் இதனால்தான். எழுத்தாகப் பார்த்தால் '10'-இன் முதல் எழுத்து '2'-க்கு முன்னால் வருகிறதே! வந்த எழுத்தை எண்ணாக மாற்று என்று 'இன்ட்' என்ற கட்டளையைச் சேர்த்துவிட்டால் விளையாட்டு சரியாகிவிடும்.

இங்கே இன்னொன்றையும் செய்து பார்க்க வேண்டும். 'இன்ட்'டை எடுத்துவிட்டு, 'சமமா' என்று கேட்ட இடத்தில் '37-ஐவிடப் பெரிதா' என்று கேளுங்கள். இந்தத் தடவை பைத்தான் பதிலே சொல்லாது. எழுத்தையும் எண்ணையும் எப்படி ஒப்பிடுவது என்று சிவப்பில் நாலு வரி கத்திவிட்டு நின்றுவிடும். சமமா என்றால் அமைதியாக 'இல்லை', பெரிதா என்றால் சண்டை. சண்டைக்கு வருகிற பிழைதான் ஆரம்பக்காரருக்கு நல்லது. எந்த வரியில் கோளாறு, என்ன வகைக் கோளாறு என்று அதுவே சொல்லிவிடுகிறது. பைத்தான் எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள், பிழையின் வகை அங்கே இருக்கும். அதற்குச் சற்று மேலே வரி எண் இருக்கும். பெரும்பாலானவர்கள் சிவப்பைக் கண்டதும் படிக்காமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறார்கள். வாயில்லாத பிழைதான் ஆபத்து. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்து, சரியான விடை வரும் வரை திரும்பத் திரும்பக் கேட்கச் செய்ய வேண்டும். அதன் பிறகு, 37 என்பதை எடுத்துவிட்டு எண்ணைக் கணினியே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட வேண்டும். பைத்தானின் 'ரேண்டம்' அதற்குத்தான் இருக்கிறது. உண்மையில் அது குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதில்லை. 1997-இல் ஜப்பானின் மகோடோ மாட்சுமோட்டோவும் டாகுஜி நிஷிமுராவும் வகுத்த ஒரு சூத்திரத்தைப் போட்டுக் கணக்குப் பண்ணித்தான் சொல்கிறது. தொடக்க எண் ஒன்றை நாமே கொடுத்துவிட்டால், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எண்கள், அதே வரிசையில் வரும். ஒரு முறை செய்து பாருங்கள். 'எதேச்சை' என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது இரண்டாம் தடவையும் மாறாமல் வந்து நிற்கும்போது முதுகுத்தண்டில் லேசாகச் சிலிர்க்கும்.

இதுவரை எழுதுவதைப் பற்றிச் சொன்னேன். படிப்பதைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் சில பேராசிரியர்கள் நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். எல்லாரும் புரோகிராமிங்கின் ஆரம்பப் பாடங்களை முடித்தவர்கள். எளிய கால்குலேட்டர் ஒன்றை எழுதச் சொன்னார்கள். 110-க்குச் சராசரி மதிப்பெண் சுமார் 23. மாணவர்களுக்குச் சிக்கலைப் பிரித்து யோசிக்கத் தெரியவில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரின் குழு ஏழு நாடுகளில் வேறு மாதிரி சோதித்தது: எதையும் எழுத வேண்டாம், இந்தச் சின்னப் புரோகிராமைப் படித்து, ஓடி முடிந்ததும் என்ன விடை வரும் என்று மட்டும் சொல்லுங்கள். அதிலேயே நிறைய பேர் திணறினார்கள். படிக்கத் தெரியாமலே எழுத உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ரெக்கார்டு நோட்டைத் திறந்து, புரோகிராமைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து, மறுநாள் அப்படியே அடித்துவிட்டு வருகிற வழக்கம் நமக்குப் புதிதா என்ன? மதிப்பெண் வந்துவிடும். நடுவில் ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் விழிப்போம்.

ஆகவே ஒரு பென்சிலும் வெற்றுத்தாளும் பக்கத்தில் இருக்கட்டும். புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு வரியிலும் எந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசியில் என்ன வரும் என்று எழுதி வைத்துவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் புரிந்துவிட்டது. ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்குத்தான் உண்மையான பாடம். காப்பி பேஸ்ட் வேண்டாம், கையால் அடியுங்கள். அடைப்புக்குறியும் காற்புள்ளியும் கைக்குப் பழகும்.

இப்போது விளையாட்டைத் தலைகீழாகத் திருப்புவோம். எண்ணை நினைப்பது நாம், கண்டுபிடிப்பது கணினி. குழந்தைகளிடம் விளையாடச் சொன்னால் 1-ஆ, 2-ஆ என்று போவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் 50-இல் ஆரம்பிப்பார்கள். 50 இல்லை, பெரிசு என்றால் ஒரே வீச்சில் பாதி எண்கள் ஆட்டத்தை விட்டுப் போய்விடுகின்றன. மிச்சத்தின் நடுவில் மறுபடி கேள்வி. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 100 எண்ணுக்கு அதிகபட்சம் 7 கேள்வி. எண்கள் இரட்டிப்பானால் கேள்வி ஒன்றே ஒன்றுதான் கூடுகிறது. ஆயிரத்துக்கு 10. பத்து லட்சத்துக்கு 20. இந்தியாவின் 140 கோடிப் பேரையும் ஒரே பட்டியலில் அகர வரிசைப்படி நிறுத்தி வைத்தால், ஒருவரைத் தேடிப் பிடிக்க 31 கேள்வி. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனால் 140 கோடி. பாதியாக வெட்டினால் 31. கணினி வேகமானது என்று எல்லாரும் சொல்வார்கள். இந்த இடத்தில் வேகம் முழுக்க யோசனையுடையது. கையால் செய்தாலும் 31-தான்.

எழுதுவதற்கு மூன்று பெயர் போதும். தேட வேண்டிய இடத்தின் கீழ் எல்லை 'அடி', மேல் எல்லை 'உச்சி', இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 'நடு'. அரை வந்தால் விட்டுவிடலாம். நடுவைச் சொல்லிக் கேட்கிறோம். 'சிறிசு' என்றால் உச்சியை நடுவுக்கு ஒன்று குறைவாக இறக்குகிறோம். 'பெரிசு' என்றால் அடியை நடுவுக்கு ஏற்றுகிறோம். நினைத்த எண் 37 என்று வைத்துச் சோதிப்போம்:

அடி 1, உச்சி 100, நடு 50. சிறிசு.
அடி 1, உச்சி 49, நடு 25. பெரிசு.
அடி 25, உச்சி 49, நடு 37. அதேதான்!

மூன்றே கேள்வி. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டலாம். அவர் சும்மா இருக்காமல் 100-ஐ நினைத்துக்கொள்கிறார். கணினி கேட்கிறது: 50? 75? 87? 93? 96? 98? 99? பெரிசு, பெரிசு என்று அவரும் சொல்லிக்கொண்டே வருகிறார். அடுத்த கேள்வி: 99? அதற்கடுத்தது: 99? மறுபடியும் 99?

மின்சாரம் போகும் வரை அது 99-ஐயே கேட்டுக்கொண்டிருக்கும். நான் சொன்ன வாயில்லாத பிழை இதுதான். சிவப்பு எழுத்து வராது, கத்தாது. பென்சிலை எடுத்தால்தான் பிடிபடும்: அடி 99, உச்சி 100. கூட்டினால் 199, பாதி 99 சொச்சம், சொச்சத்தை விட்டால் 99. பெரிசு என்றால் அடியை 99-க்கு ஏற்றுகிறோம். அது ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது. 99 இல்லை என்று தெரிந்த பிறகும் அதைப் பட்டியலிலேயே வைத்திருந்தோம், அவ்வளவுதான். அடியை நடுவுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றிவிட்டால் 50, 75, 88, 94, 97, 99, 100 என்று ஏழாவது கேள்வியில் பிடித்துவிடும். வித்தியாசம் ஒரே ஒரு 'கூட்டல் 1'. அது இல்லாமலும் 37 கிடைத்தது என்பதை மறக்க வேண்டாம். ஒரு எண்ணுக்குச் சரியாக வந்தது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் நிற்கும் எண்களான 1, 100, பக்கத்து 2, 99 இவற்றைக் கொடுத்துப் பார்த்தால்தான் புரோகிராமின் யோக்கியதை தெரியும்.

கற்றுக்குட்டிகள் செய்யும் தவறுதானே என்று நினைத்தால், ஜான் பென்ட்லி சொல்வதைக் கேளுங்கள். பெல் ஆய்வகத்திலும் ஐபிஎம்மிலும் வகுப்பெடுத்தபோது, தொழில்முறைப் புரோகிராமர்களிடம் இதே பாதியாக வெட்டித் தேடும் முறையை எழுதச் சொன்னார். இரண்டு மணி நேரம் போலக் கொடுத்தார். சுமார் 90 சதவீதம் பேர் எழுதியதில் பிழை இருந்தது. இந்த முறை அச்சில் முதலில் வந்தது 1946-இல். எல்லா நீளப் பட்டியலுக்கும் பிழையில்லாமல் ஓடும் வடிவம் அச்சேற 1960 ஆகிவிட்டது என்கிறார் இத்துறையின் மூத்தவர் டொனால்ட் நூத். யோசனை குழந்தைக்கும் புரிகிறது; எழுத்தில் சரியாகப் பிடிக்கப் பதினாலு வருஷம்.

கதை அதோடும் முடியவில்லை. பென்ட்லியின் வகுப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டவர் ஜோஷுவா பிளாக். பின்னாளில் ஜாவா மொழியோடு சேர்ந்தே வரும் நூலகத்துக்கு இந்தத் தேடலை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். உலகமெங்கும் எத்தனையோ புரோகிராம்கள் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பது வருஷம் போல ஓடிய பிறகு, அதில் பிழை இருக்கிறது என்று 2006-இல் அவரே எழுதினார். பென்ட்லி தன் புத்தகத்தில் சரியென்று நிரூபித்துக் காட்டிய வடிவத்திலும் அதே பிழை இருந்தது. எந்த வரியில் தெரியுமா? அடியையும் உச்சியையும் கூட்டிப் பாதியாக்கும் அந்த அப்பாவி வரியில்.

ஜாவாவின் சாதாரண எண்ணுக்கு ஒரு மேல் வரம்பு உண்டு: 2,147,483,647. அதற்கு மேல் ஒன்று கூடினாலும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 முடிந்து பூஜ்யத்துக்குச் சுற்றிக்கொள்வது போல, எண் சுற்றிக்கொண்டு எதிர்மறையின் அடியாழத்துக்குப் போய்விடும். அடியும் உச்சியும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும் கூட்டுத்தொகை தாண்டிவிட்டால் நடு எதிர்மறை எண் ஆகிறது. பட்டியலில் அப்படி ஓர் இடமே இல்லாததால் புரோகிராம் விழுந்துவிடுகிறது. இது நடக்கப் பட்டியலில் நூறு கோடிக்கும் மேல் உருப்படி வேண்டும். நூத்தும் பென்ட்லியும் எழுதிய காலத்தில் அவ்வளவு பெரிய பட்டியலை வைக்க எந்தக் கணினியிலும் இடமில்லை, அதனால் யாருக்கும் தட்டுப்படவில்லை. திருத்தம் பள்ளிக்கூடக் கணக்குதான்: இரண்டையும் கூட்டுவதற்குப் பதிலாக, உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கி அடியோடு சேர். பைத்தானின் எண்களுக்கு இந்த வரம்பு கிடையாது, நினைவகம் இருக்கும் வரை வளர்ந்துகொண்டே போகும். ஆரம்பக்காரருக்குப் பைத்தானைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிழையின் வம்சாவளி இன்னும் நீளம். 1843-இல் ஏடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் கட்ட நினைத்து முடிக்காமல் விட்ட இயந்திரத்துக்காக, பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகளை ஓர் அட்டவணையாக வெளியிட்டார். முதல் கணினிப் புரோகிராம் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதன் நான்காவது படியில் எதை எதனால் வகுப்பது என்பது தலைகீழாக அச்சாகியிருக்கிறது. எழுதும்போது நேர்ந்ததோ அச்சுக் கோக்கும்போது நேர்ந்ததோ, ஓட்டிப் பார்க்க அன்று இயந்திரம் இல்லை.

'இதெல்லாம் இனி எதற்கு, சாட்ஜிபிடியிடம் கேட்டால் நொடியில் எழுதித் தருமே?' தரும். இந்த விளையாட்டை என்னைவிட அழகாகவே எழுதித் தரும். ஆனால் அது தந்ததில் அந்த 'கூட்டல் 1' இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும், அந்தக் கண் 99, 99, 99 என்று ஒரு தடவை பார்த்துப் பழகியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் அதை எழுத விடாதீர்கள். வேறு வேலை கொடுங்கள். எரர் வரியை அப்படியே கொடுத்து அர்த்தம் கேளுங்கள். பத்து வரியில் ஒரு புரோகிராம் கேட்டு வாங்கி, என்ன விடை வரும் என்று பென்சிலால் போட்டுப் பார்த்த பிறகு ஓட்டுங்கள். பிழை ஒன்றை ஒளித்து வைத்துத் தரச் சொல்லித் தேடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அலுக்காமல் சொல்லித் தரும் அண்ணன் எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. அந்த இடத்தை அது ஓரளவு நிரப்புகிறது.

விளையாட்டு முடிந்ததும் அடுத்ததாக வீட்டு மின்சார அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கு இருந்த குறைந்த விலையும் கைவிட்டுப் போய், அந்த நூறு யூனிட்டுக்கும் மேல் படியின் விலை விழும். யூனிட்டைக் கேட்டுத் தொகையைச் சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். நடப்பு விலைகளை மின்வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். எழுதியானதும் 350 என்று கொடுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், 0, 100, 101, 200, 201 என்று படிகளின் ஓரத்திலேயே நடந்து வாருங்கள். கடைசியாக 500, அப்புறம் 501. ஒரே ஒரு யூனிட்டுக்குத் தொகை இருநூறு ரூபாய்க்கு மேல் தாவினால் பயப்படாதீர்கள், புரோகிராம் சரிதான்.